பழைய லீவர் ஆக்‌ஷன் ரைபிள் வாங்குவது: சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுடுவதற்காக மட்டும் இல்லாமல், வைத்துப் பார்க்கவும் படிக்கவும் ஒரு பழைய லீவர் ரைபிள் வாங்க நினைப்பவர்களுக்காக இது. அமெரிக்காவில் செய்யப்பட்டு அமெரிக்காவிலேயே கைமாறும் ரைபிள்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம். சட்டமும் அந்த நாட்டுச் சட்டமே.

லீவர் ஆக்‌ஷன் என்றால் என்ன? எங்கே தொடங்கியது?

விசையைச் சுற்றியிருக்கும் வளையமே கைப்பிடியாக நீண்டிருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், சுத்தியல் பின்னால் போய் நிற்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். பெரும்பாலான மாடல்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீளமான குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும்.

இதை நன்றாக வேலை செய்ய வைத்தவர் பெஞ்சமின் டைலர் ஹென்றி. அவருடைய காப்புரிமை 1860 அக்டோபரில் கிடைத்தது. ஆலிவர் வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலையில் சுமார் 14,000 ஹென்றி ரைபிள்கள் செய்யப்பட்டன. தோட்டாவை முன்பக்கத்திலிருந்து போட வேண்டும் என்பது அதன் குறை. நெல்சன் கிங் ரிசீவரின் (இயங்கும் பாகங்கள் அமர்ந்திருக்கும் உலோக உடல்) பக்கவாட்டில் ஒரு சிறு கதவை வைத்து அதைத் தீர்த்தார். அதுதான் 1866 மாடல். மஞ்சள் நிற உலோகச் சட்டத்தால் அதற்கு ‘யெல்லோ பாய்’ என்று பெயர் வந்தது. அப்புறம் .44-40 தோட்டாவோடு 1873 வந்தது. ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த 1886, 1892, 1894, 1895 மாடல்கள் தொடர்ந்து வந்தன. அதே காலத்தில் மார்லின், சாவேஜ் நிறுவனங்களும் தங்கள் வழியில் போயின.

முதல் துப்பாக்கியாக எதை வாங்கலாம்?

இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த ஒரு வின்செஸ்டர் 94 கார்பைன் (குட்டைக் குழல் ரைபிள்), .30-30 தோட்டாவில். இதுதான் என் முதல் பதில். 94 மாடல் மொத்தமாக 70 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதனால் அவசரப்படத் தேவையில்லை. ஐந்தாறைக் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஆறாவதையோ பத்தாவதையோ வாங்கலாம். அந்த ஒப்பிடலில் கிடைக்கும் கண் பிறகு விலை உயர்ந்த 1886-ஐப் பார்க்கும்போது உதவும்.

இன்னொரு யோசனை: சாவேஜ் 99. ஆர்தர் சாவேஜின் இந்த வடிவமைப்பில் வெளியே சுத்தியல் கிடையாது. தோட்டாக்கள் குழாயில் படுக்காமல், சுழலும் ஒரு உருளையைச் சுற்றி அமர்ந்திருக்கும். பழைய மாடல்களில் ரிசீவரின் இடப்பக்கம் ஒரு சிறிய சன்னல் இருக்கும். உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்பதைப் பித்தளை எண்கள் அதில் காட்டும். இவ்வளவு நுட்பமான வேலைப்பாடு இருந்தும் வின்செஸ்டருக்குக் கிடைக்கும் பேர் இதற்குக் கிடைக்கவில்லை. என் கணிப்பில், கொடுத்த பணத்துக்கு அதிகம் கிடைப்பது இதில்தான்.

ஹென்றி, 1866 இரண்டையும் முதலில் தொடவே வேண்டாம். ஆசை புரிகிறது. ஆனால் அதிகம் போலி செய்யப்படுவதும், தவறினால் அதிகப் பணம் போவதும் அவற்றில்தான்.

1964 என்ற வருடத்தை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

அந்த வருட மாடல்களில் வின்செஸ்டர் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றியது. முன்பு சூடாக்கி அடித்துக் கடைந்த பாகங்களுக்குப் பதிலாக அச்சில் வெட்டிய தகடும், பொடி உலோகத்தை அழுத்திச் சுட்ட பாகங்களும் வந்தன. 94-இன் அடியில் பார்த்தால் தோட்டாவைத் தூக்கும் பாகம் தகடாக இருப்பது தெரியும். வரிசை எண் 27 லட்சத்தைத் தாண்டியிருந்தால் அது மாற்றத்துக்குப் பிந்தையது. அந்தக் காலத்து ரிசீவர்கள் சாதாரண ப்ளூயிங்கை (துருவைத் தடுக்க இரும்புக்கு ஏற்றும் கருநீலம்) ஏற்பதில்லை என்பதால், ஒருமுறை நிறம் போனால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

பிந்தையவை சுடாது என்று அர்த்தமில்லை, நன்றாகவே சுடும். சேகரிப்பாளர் தேடுவது முந்தையதை என்பது மட்டும்தான் விஷயம்.

அசலாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். துப்பாக்கியின் எல்லாப் பாகங்களும் ஒரே வயதோடு இருக்க வேண்டும். இரும்பு, மரம், ஸ்க்ரூ, எழுத்து எல்லாமே ஒரே வாழ்க்கையை வாழ்ந்த மாதிரி தெரிய வேண்டும். எங்கேயோ ஒன்று மட்டும் இளமையாகத் தெரிந்தால் அங்கே யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

கையில் எடுத்ததும் முதலில் தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கார்பைனை ஒரு கையால் தூக்கிக்கொண்டு நடப்பவர் ரிசீவரின் அடிப்பக்கத்தைத்தான் பிடிப்பார். அதனால் அங்கேதான் நீலம் முதலில் போகும். லீவரின் விளிம்பும் குழலின் வாயும் அடுத்து. குதிரைச் சேணத்தின் உறையில் கிடந்த துப்பாக்கியில் முன்கட்டையும் குழலின் பக்கங்களும் தேய்ந்திருக்கும். கை படாத இடத்தில் தேய்ந்து, கை படும் இடத்தில் கருநீலம் மினுங்கினால் கேள்வி கேளுங்கள்.

பிறகு எழுத்துகள். குழலின் மேல் அழுத்திப் பதித்த முகவரி எழுத்துகளின் விளிம்பு விரல்நுனிக்கு லேசாகத் தட்டுப்பட வேண்டும். மெருகுச் சக்கரத்தில் பிடித்திருந்தால் விளிம்பு மழுங்கி, எழுத்து பாதி கரைந்திருக்கும். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி உலோகம் கிண்ணம் போலக் குழிந்திருப்பதும், ரிசீவரின் கூர்மையான முனைகள் உருண்டிருப்பதும் அதே மெருகின் அடையாளங்கள். துருக்குழியின் உள்ளேயும் நீலம் இருந்தால் தீர்ப்பு வந்துவிட்டது. துரு பிடித்த பிறகுதான் நீலம் ஏறியிருக்கிறது.

மரத்தைப் பொறுத்தவரை, கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தால் மரம் இரும்பைவிட ஒரு மயிரளவு உயர்ந்திருக்கும். இரும்பு மேலேயும் மரம் கீழேயும் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

கடைசியாக, முத்திரைகள். நீள்வட்டத்துக்குள் ‘டபிள்யூ’, ‘பி’ எழுத்துகள் உள்ள வின்செஸ்டர் சோதனை முத்திரை (சுட்டுச் சோதித்ததற்கான அடையாளம்) 1905-இல்தான் தொடங்கியது. 1895-இல் செய்ததாகச் சொல்லப்படும் ரைபிளின் குழலில் அந்த முத்திரை இருந்தால், அது பிறகு ஆலைக்குப் போய் வந்திருக்கலாம் அல்லது குழல் மாறியிருக்கலாம். ‘பி’ மட்டும் தனியாக நீள்வட்டத்தில் இருந்தால் அது உதிரிப்பாகமாக விற்கப்பட்ட குழல்.

ரிசீவரில் நீலம் செதில் செதிலாக உரிந்திருக்கிறது. பழுதா?

இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வின்செஸ்டர்களில் இது சாதாரணம். அந்தக் காலத்து எஃகில் ப்ளூயிங் சரியாகப் பிடிக்கவில்லை. குழலில் 80 சதவீத நீலமும் ரிசீவரில் வெறும் சாம்பல் நிறமும் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வயதுத் துப்பாக்கியில் ரிசீவர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அழகாகப் புதுப்பித்த ஒன்று, அசலைவிட மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

சுடுவதற்கு என்றால் தாராளமாக. சேகரிப்புக்கு என்றால் வேண்டாம். பழுப்பேறிய, கீறல் விழுந்த, யாரும் தொடாத ஒன்றை எப்போது வேண்டுமானாலும் புதுப்பிக்க முடியும். புதுப்பித்ததை மறுபடி பழையபடி ஆக்க முடியாது. அதனால் வாங்கிய பிறகும் அதைப் ‘பளபளப்பாக்க’ நினைக்காதீர்கள். கம்பிப் பஞ்சால் பட்டினாவை, அதாவது காலம் ஏற்றிய பழுப்பை, தேய்ப்பது, கட்டைக்கு வார்னிஷ் அடிப்பது இரண்டும் நூறு வருட வரலாற்றை ஒரு மதிய நேரத்தில் அழித்துவிடும்.

பிற்காலத்தில் துளைத்த ஸ்க்ரூ துளைகளும் இப்படித்தான். தொலைநோக்கி பொருத்த ரிசீவரின் மேல் யாரோ போட்ட துளைகள் விலையைக் கணிசமாகக் கீழே இழுக்கும். ஆனால் பல வின்செஸ்டர்களில் சுத்தியலுக்குப் பின்னால், கட்டைக்குள் நீளும் வால்பகுதியில் தொழிற்சாலையே ஒரு துளை போட்டிருக்கும். அது குறையல்ல.

குழலின் உள்பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு சின்ன விளக்கைக் கொண்டுபோங்கள். கரும்பொடி (பழைய வகை வெடிமருந்து) காலத்துத் தோட்டாக்களும், அரிப்பை உண்டாக்கும் பழைய தீமூட்டிகளும் (தோட்டாவின் அடியில் பொறி தரும் பாகம்) சுத்தம் செய்யாத குழலைச் சீக்கிரம் அரித்துவிடும். உள்ளே இருண்டிருப்பது சகஜம். புரிகள் (குண்டைச் சுழல வைக்கும் திருகு வரிகள்) கூர்மையாக நிற்கின்றனவா என்பதைப் பாருங்கள். நடுவில் ஒரு வளையம் போல நிழல் தெரிந்தால் குழல் எப்போதோ உள்ளிருந்து வீங்கியிருக்கிறது. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

லீவர் ரைபிளுக்கே உரிய இன்னொரு விஷயம் உண்டு. பெரும்பாலானவற்றைப் பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்ய முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கம்பியை வாயிலிருந்துதான் விட்டிருப்பார்கள். அதனால் வாயருகே புரிகள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கலாம்.

விற்பவர் முன்னால் லீவரை இயக்கிப் பார்க்கலாமா?

முதலில் அனுமதி கேளுங்கள். தோட்டா இல்லை என்று நீங்களே குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு மெதுவாக இயக்குங்கள். வழியில் எங்கும் மணல் அரைப்பது போல இருக்கக் கூடாது. மூடியபின் லீவர் தொங்கக் கூடாது. சுத்தியல் பாதி நிலையில் நின்றபின் விசையை அழுத்தினாலும் விழக் கூடாது. 94-இல் லீவரைக் கட்டையோடு சேர்த்துப் பிடிக்காவிட்டால் விசை வேலை செய்யாது, அது பாதுகாப்புக்காக வைத்தது. வெறும் அறையில் சுத்தியலைத் தட்டாதீர்கள். பார்த்து முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுங்கள். விரலின் உப்பு இரும்பில் தங்கினால் துரு வரும், அடுத்த முறை அவர் உங்களை நல்ல ரைபிளின் அருகே விடமாட்டார்.

வரிசை எண்ணை வைத்து வருடத்தைத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், ஆனால் பட்டியல்களுக்குள் சண்டை உண்டு. 1873, 1886 மாடல்களில் எண் கீழ் வால்பகுதியில் இருக்கும். 1892, 1894-இல் ரிசீவரின் அடியில், முன்பக்கமாக. நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த வருடப் பட்டியலும் ஆலையின் சொந்தப் பதிவேடுகளும் சில மாடல்களில் ஒத்துப்போவதில்லை.

அதனால் நல்ல வழி தொழிற்சாலைக் கடிதம். வயோமிங் மாநிலம் கோடி நகரில் உள்ள பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. மார்லினின் ஆரம்பகாலப் பதிவுகளும் அங்கேயே. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், ரைபிளா கார்பைனா, என்ன தோட்டா, எண்கோணக் குழலா உருண்டைக் குழலா, எப்போது கிடங்கைவிட்டுப் போனது என்று பதிவில் இருப்பதை எழுதித் தருவார்கள். எல்லா வருடங்களுக்கும் பதிவு இல்லை. 94-ஐப் பொறுத்தவரை 1907 வாக்கில் பதிவுகள் நின்றுவிடுகின்றன. பெரிய தொகை கொடுக்குமுன் கடிதம் வரும்வரை காத்திருக்க விற்பவர் மறுத்தால் நீங்களும் விலகிவிடுங்கள்.

1898 என்ற எல்லை எதற்கு?

அமெரிக்காவின் 1968-ஆம் வருடத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது ‘தொல்பொருள்’. கூட்டரசுச் சட்டத்தின் பார்வையில் அது துப்பாக்கியே அல்ல. உரிமம் பெற்ற வியாபாரி வழியாகப் போகத் தேவையில்லை, பின்னணிச் சோதனையும் தேவையில்லை. அதனால் அந்தப் பக்கம் விழும் 1894-க்குத் தனி மவுசு. எண் எல்லைக்கு அருகில் இருந்தால் மேலே சொன்ன கடிதம்தான் சரியான ஆதாரம், விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

ஒன்றை மறக்க வேண்டாம்: மாநிலங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கூட்டரசு விட்டதை மாநிலம் பிடிக்கலாம்.

1899-இலோ அதற்குப் பிறகோ செய்ததை எப்படி வாங்குவது?

வியாபாரியிடம் வாங்கினால் கூட்டரசின் 4473 படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். வேறு மாநிலத்தில் உள்ள தனியாரிடமிருந்து வாங்கினால் உங்கள் ஊர் வியாபாரிக்கு அனுப்பச் சொல்லி அவரிடமிருந்து பெற வேண்டும்.

தொடர்ந்து சேகரிப்பதாக இருந்தால் ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ என்ற சேகரிப்பாளர் உரிமம் எடுத்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான். குறைந்தது 50 வருடம் பழைய, அசல் நிலையில் உள்ள துப்பாக்கிகளை மற்ற மாநிலங்களிலிருந்து நேரடியாக வீட்டுக்கே வரவழைக்க அது உதவும். வாங்கியதையும் விற்றதையும் ஒரு பதிவேட்டில் எழுதிவர வேண்டும். அது வியாபாரம் செய்வதற்கான உரிமம் அல்ல.

வேலை விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

இதில் விளையாடாதீர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் நிலைமை வேறு, வாங்கலாம். விலக்கு பொருந்துகிறதா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டபின் பணத்தை எடுங்கள். தவறினால் போவது ரைபிள் மட்டும் அல்ல, குடியேற்ற நிலையும் சேர்ந்து போகும்.

குழல் மிகக் குட்டையாக ஒரு கார்பைன் கிடைக்கிறது...

14, 15 அங்குலக் குழலோடு வின்செஸ்டர் செய்த ‘ட்ராப்பர்’ கார்பைன்கள் அரிதானவை, அழகானவை. ஆனால் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைபிள் 1934-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் தனியாகப் பதிய வேண்டிய வகை. அசலான பல ட்ராப்பர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதற்கான கடிதம் துப்பாக்கியோடு வர வேண்டும். யாரோ ரம்பத்தால் அறுத்த குழல் என்றால் விலக்கும் கிடையாது, மதிப்பும் கிடையாது.

விலை எதனால் ஏறுகிறது?

நிலை, அசல்தன்மை, அரிதான தேர்வுகள், வரலாற்று ஆதாரம். தேர்வுகள் என்றால் எண்கோணக் குழல், இரண்டாகக் கழற்றும் அமைப்பு, உயர்ந்த மரம், அரை மேகசின் (பாதி நீளத் தோட்டாக் குழாய்) போன்றவை. இவை பேரேட்டிலும் இருந்தால்தான் கணக்கு.

வரலாற்று ஆதாரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். 1886 மாடலின் முதல் எண் கொண்ட ரைபிள், அபாச்சி பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திய படையின் கேப்டன் ஹென்றி லாட்டனுக்குக் கொடுக்கப்பட்டது. 2016-இல் ராக் ஐலண்ட் ஏலத்தில் அது 12 லட்சம் டாலருக்கும் மேல் போனது. அங்கே எண்ணும் பெயரும் ஆவணமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னது. ‘என் கொள்ளுத் தாத்தா ஒரு ஷெரிப்’ என்ற கதை மட்டும் இருந்தால் அதற்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஏலத்தில் வாங்கினால் ஏலம் முடிந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம், அனுப்பும் செலவு, வரி எல்லாம் சேரும். உச்ச விலையை முடிவு செய்யும்போதே இவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நினைவுப் பதிப்புகள் முதலீட்டுக்கு நல்லதா?

இல்லை. 1960-களிலிருந்து வின்செஸ்டர் 94-இல் ஏராளமான நினைவுப் பதிப்புகள் வந்தன. 1966-இன் நூற்றாண்டுப் பதிப்பு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். எல்லோரும் பத்திரமாக வைத்ததால் எல்லாமே பிழைத்திருக்கின்றன. பெட்டியும் காகிதமும் இல்லாமல், சுட்ட அடையாளத்தோடு இருந்தால் மதிப்பு இன்னும் விழும். பிடித்திருந்தால் வாங்குங்கள்.

போலி எப்படி வரும்?

இரண்டு வகையில். ஒன்று, சாதாரண அசலை உயர்ந்த அசலாக மாற்றுவது. 1873-இல் ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று குழலில் செதுக்கிய சிறப்பு ரைபிள்கள் இருந்தன, மொத்தமே 130 சொச்சம்தான். செதுக்குவது எளிது. அதனால் ஆலைப் பதிவு இல்லாத ‘ஆயிரத்தில் ஒன்று’ எதையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, இத்தாலியில் செய்த நல்ல நகல்களைப் பழசாக்குவது. உபெர்ட்டி போன்ற நிறுவனங்கள் ஹென்றி, 1866, 1873 மூன்றையும் நேர்மையாக, நகல் என்று சொல்லியே செய்கின்றன. பிறகு யாரோ அதை அமிலத்தில் நனைத்துப் பழசாக்கி விற்கிறார்கள். இத்தாலியச் சோதனை முத்திரைகளும், சிறு கட்டத்துக்குள் வருடத்தைக் குறிக்கும் எழுத்துகளும் குழலிலும் ரிசீவரிலும் இருக்க வேண்டியவை. அவற்றை அழித்த இடத்தில் உலோகம் லேசாகப் பள்ளமாக இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

வாங்கியதைச் சுடலாமா?

பழைய ரைபிள்களை அறிந்த துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு. 94, மார்லின் 336 போன்றவற்றுக்கு .30-30 எளிதாகக் கிடைக்கும். 1873 வேறு கதை. முழங்கை போல மடங்கும் அதன் பூட்டு கரும்பொடி அழுத்தத்துக்காகச் செய்தது. அதே .44-40 என்ற பெயரில், பலமான 1892-க்காகச் செய்த வீரியமான தோட்டாவை அதில் போட்டால் ஆபத்து. பெயர் பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஹென்றிக்கும் ஆரம்பகால 1866-க்கும் உரிய .44 விளிம்புத்தீ தோட்டா (தீமூட்டும் மருந்து அடிவிளிம்பிலேயே இருப்பது) இப்போது ஆலைத் தயாரிப்பில் இல்லை.

குழாய் மேகசினில் கூர்முனைத் தோட்டா போடவே கூடாது. ஒன்றின் முனை முன்னால் உள்ளதன் தீமூட்டியில் முட்டி நிற்கும், அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தட்டை முனை அல்லது அதற்கென்றே செய்த வளையும் ரப்பர் முனைத் தோட்டாதான் சரி. சாவேஜ் 99-இன் உருளை மேகசினுக்கும் பெட்டி மேகசின் கொண்ட வின்செஸ்டர் 1895-க்கும் இந்தத் தொல்லை இல்லை.

எப்படி வைத்துக்கொள்வது?

தோல் உறையிலும் பஞ்சு வைத்த பெட்டியிலும் நெடுநாள் வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் இரும்புக்கும் மரத்துக்கும் நல்லது. பூட்டிய இரும்புப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். இரும்புக்கு மெல்லிய எண்ணெய் அல்லது அருங்காட்சியகங்களில் பயன்படும் மெழுகு. மரத்தில் எண்ணெய் வழிய விடக்கூடாது, நிறுத்தி வைத்தால் ரிசீவரிலிருந்து இறங்கிக் கட்டையின் கழுத்தை ஊற வைத்துவிடும்.

ஸ்க்ரூக்களைத் தேவையில்லாமல் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் காடிக்குச் சரியாகப் பொருந்தும், பக்கங்கள் இணையாகத் தீட்டிய துப்பாக்கி ஸ்க்ரூட்ரைவரை மட்டும் பயன்படுத்துங்கள். வரிசை எண், வாங்கிய ரசீது, தொழிற்சாலைக் கடிதம், வாங்கிய அன்றே எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு, துப்பாக்கி இருக்கும் பெட்டியில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். திருட்டோ தீயோ வந்தால் காவல்துறையும் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.